எடை குறையாதவர்கள்

கீழத்தாழஞ்சேரியில் மனிதர்கள் சுருங்கிய வருஷம் ஆவணி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் வருவதுபோல் வந்து போக்குக்காட்டிவிட்டுப் போனது, வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன, ஊரே வானத்தைப் பார்த்து மழை கேட்டுக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் அதே ஊர் அதே வானத்தைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஷார்ஜாவில் வெல்டிங் வேலை பார்த்த குணசீலனின் மகள் மதிவதனிக்கு அந்த ஆவணியில்தான் காது குத்தினார்கள். அப்பன் லீவில் வரட்டும், வரட்டும் என்று தள்ளிப்போட்டதில் பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது, லீவோ கிடைக்கிற வழியாக இல்லை. நான் இல்லாவிட்டாலும் நடத்துங்கள், ஒரு நிமிஷம்கூட விடாமல் வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று அவன் மனைவி தமயந்தியிடம் போனில் சொல்லிவிட்டான். பக்கத்து டவுனில் வீடியோ கடை வைத்திருந்த பெலிக்ஸ் வந்து, விடிந்ததிலிருந்து கடைசி விருந்தாளி வெற்றிலை மென்று துப்பும் வரை எடுத்தான். தாய்மாமன் கலியமூர்த்தியின் மடியில் பிள்ளையை உட்காரவைத்ததையும், உரக்கடை வைத்திருக்கிற, உட்கார்ந்தால் நாற்காலி முனகுகிற அத்தனை பெரிய உடம்புக்காரரான அவர், ஆசாரியின் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டதையும், பிள்ளை அழவில்லை, மாமன்தான் அழுகிறார் என்று பந்தலே சிரித்ததையும் எடுத்தான். சின்ன வயதிலிருந்தே பல்லிக்குப் பயம், கிணற்றடிக்குப் பயம், இடிச் சத்தத்துக்குப் பயம் என்று பேர் வாங்கிய அந்த மனிதருக்குத் தங்கையையும் அவள் மகளையும் விட்டால் வேறு யாரும் இல்லை. தமயந்தி மட்டும் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அவள் காலையிலிருந்து கொல்லையில் விருந்து சமைக்கிற கோட்டை அடுப்புகளுக்கு நடுவே நின்றாள்.

கேசட்டுகள் ஒரு கை அடுக்கு சேர்ந்தன. ஷார்ஜாவுக்குக் கிளம்புகிற ஒருவன் ஒரே ஒரு டிவிடி என்றால் எடுத்துப்போகிறேன் என்றான். குணசீலன் பெலிக்ஸைப் போனில் கூப்பிட்டு, போன வருஷம் எவனோ சித்தப்பா மகன் கல்யாணத்தைச் சுருக்கி அனுப்பியதில் எல்லார் முகமும் மழையில் நனைந்த கோலம்போலக் கரைந்திருந்தது, பெண் எது மாப்பிள்ளை எது என்றே தெரியவில்லை என்று சொல்லி, "எம் பொண்ணு முகம் மட்டும் கரையக் கூடாது தம்பி" என்று கேட்டுக்கொண்டான்.

பெலிக்ஸ் வேலையில் ரோஷக்காரன். கம்ப்யூட்டர் படத்தைத் தன்போக்கில் திருப்பி எழுதினால்தானே முகம் கரைகிறது, திருப்பி எழுதாமலே சுருக்கிப்பார்க்கிறேன் என்று கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, எதையும் வெட்டாமல், எதையும் மாற்றாமல், பட்டுப்புடவையைக் கசங்காமல் மடித்துப் பெட்டியில் அடுக்குகிற மாதிரி, இருந்ததை இருந்தபடியே மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, ஒரு வாரம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவிடித் தட்டு வெளியே வந்தபோது போட்டுப்பார்த்தான். பிள்ளையின் கண்ணோரத்து மை வரைக்கும் தெளிவாக இருந்தது. சந்தோஷத்தில் அன்றே கொண்டுபோய்ப் பயணக்காரன் கையில் கொடுத்துவிட்டான். வேலை முடிந்த அந்தக் கேசட்டுகளின்மேலேயே மறுநாள் வேறொரு வீட்டு வளைகாப்பைப் பதிந்தான்.

தட்டு வெளியே வந்த அந்தக் காலையில் தமயந்தி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், வதனி அடிபம்பின் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். குண்டு விழுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டுத் தமயந்தி திரும்பினாள். பிள்ளை நின்ற இடத்தில் அவளுடைய கவுன் மட்டும் குவிந்து கிடந்தது, அந்தக் குவியலுக்குள்ளிருந்து "அம்மா, இருட்டா இருக்கு" என்று வதனியின் குரல், எப்போதும் இருக்கிற அதே பெரிய குரல், வந்தது. துணியை விலக்கியபோது ஒரு சாண் உயரத்தில், காதில் கடுகளவு தோடு மின்ன, தன் பிள்ளை நிற்பதைத் தமயந்தி கண்டாள். இரண்டு விரலால் பூவைப்போல் எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை. இரண்டு கையையும் கொடுத்து, ஆட்டுரல் குழவியைத் தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துத்தான் தூக்கினாள். சுருங்கியது உயரம்தான், எடை அப்படியே இருந்தது. பிள்ளையின் பாதங்கள் ஊன்றிய இடத்தில் அவள் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவில் இரண்டு குழிகள் விழுந்து, சாயங்காலத்துக்குள் நீலம் பாரித்தன.

வடக்குத்தெருவில் வீட்டுக்கு வீடு அதே கதையாக இருந்தது. படத்தில் யார் யார் விழுந்திருந்தார்களோ அத்தனை பேரும் சுருங்கியிருந்தார்கள். பெரியவர்கள் ஒரு முழத்துக்கும் குறைவு, பிள்ளைகள் சாண். காதுகுத்து அன்றைக்கு அவர்கள் உடுத்தியிருந்த துணிகளும் பெட்டிக்குள்ளேயே சுருங்கியிருந்தன, வேறு துணி எதுவும் பொருந்தாததால், அதன்பிறகு அவர்கள் விடிந்தால் பட்டு, அடைந்தால் பட்டு என்று நிரந்தரக் கல்யாண வீட்டுக்காரர்களாகவே நடமாடினார்கள். சுருங்காதவர்கள் படத்தில் விழாதவர்கள்: கொல்லையில் சமைத்த பெண்கள், படம் எடுத்த பெலிக்ஸ், பந்தலுக்கு வெளியே பாய்போட்டுச் சாப்பிட்டுப்போன தெற்குத்தெருக்காரர்கள்.

ஊர் ஒரு நாள் அழுதது, மறுநாள் அடுப்பு மூட்டியது. சுருங்கியவர்களுக்குப் பசியும் அப்படியே இருந்ததால் முழ உயர மனிதர் ஒருவர் வாழையிலையின் ஓரத்தில் நின்றுகொண்டு முழுச்சோற்றையும் தின்று தீர்த்தார், அதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. கயிற்றுக் கட்டில்கள் அறுந்தன, திண்டு தலையணைகள் கிழிந்தன, சிமெண்டுத் தரை ஓட்டாஞ்சில்லாக உடைந்தது; எல்லாரும் அம்மிக்கல்மேல் படுக்கப் பழகினார்கள். முதலில் பூனைக்கும் காக்கைக்கும்தான் பயந்தார்கள். ஆனால் ஒரு காக்கை குறுக்கே பறந்துவந்து கலியமூர்த்தியின் சட்டைக் காலரைக் கொத்தித் தூக்கப் பார்த்து, அலகு பிசகி, கத்திக்கொண்டே போனதோடு அந்தப் பயம் போனது. பள்ளிக்கூடத்தில் சாண் பிள்ளைகளுக்கு மேசைமேல் கருங்கல் துண்டு போட்டு இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைகள் அதே பெரிய குரலில் வாய்ப்பாடு சொன்னார்கள். வெளியூரிலிருந்து யாராவது கேட்டால், எங்க ஊர்ல அப்படி ஆயிடுச்சு என்று சொல்லிவிட்டு ஊர்க்காரர்கள் நகர்ந்தார்கள்.

பெலிக்ஸை அடிக்கப் போனவர்கள் அவன் தானாகவே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கினார்கள். கேசட்டில் பழசு அழிந்துவிட்டது, ஆனால் சுருக்கின படத்தின் பிரதி இதற்குள் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்றான். படத்தின் ஓரத்தில் குறுக்கே ஓடியிருந்த ஒரு சேவல் கட்டைவிரல் உயரத்தில் கிணற்றடிக் கல்மேல் திரிந்துகொண்டிருந்தது. முதலில் அதைப் பெரிதாக்குவது என்று பேசி முடித்தார்கள். சேவல் பெரிதானது. பழைய அளவுக்கே வந்தது. ஆனால் அதற்கு முகம் இல்லை. கண் இருந்த இடத்திலும் அலகு இருந்த இடத்திலும் பழுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமான நிறம்தான் இருந்தது, அது தரையைக் காலால் தடவித் தடவித் தானியம் தேடியது, கூவப் பார்த்தபோது உள்ளேயிருந்து மாவு சலிக்கிற சத்தம் வந்தது. சாயங்காலம் அது தானாகக் குளத்துக்குள் நடந்துபோவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு பெரிதாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை உடைக்கவும் பயமாக இருந்தது, ஏனென்றால் எல்லாரும் அதற்குள்ளும் இருந்தார்கள். கோயிலில் சாமி வாகனங்கள் வைக்கிற கொட்டகையில், குதிரைக்கும் ரிஷபத்துக்கும் நடுவில் அதை வைத்துப் பூட்டினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு தூறல் போட்டது. அடிபம்புக்குப் பக்கத்தில் நின்ற, சுருங்கிய ஒரு பெண் முழங்கால் வரை மண்ணுக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு பேர் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. அது களிமண்ணும் வண்டலும் கலந்த பூமி. வெயிலில் இரும்பு, மழையில் கூழ். ஒரு பெரிய ஆளின் பாரம் முழுவதும் இரண்டு சின்னப் பாதத்தில் நின்றால் அந்தக் கூழ் எப்படித் தாங்கும்?

அன்றைக்கே தெற்குத்தெருப் பக்கிரியும் அவன் பங்காளிகளும் பாழடைந்த சத்திரத்துக் கருங்கற்களை வண்டியில் ஏற்றிவந்து வடக்குத்தெரு முழுக்க, வாசலில், கூடத்தில், கொல்லையில் பாவினார்கள். அதுவரை வாசற்படி தாண்டாதவர்கள் அன்று சாமியறை வரைக்கும் போய்க் கல் போட்டார்கள். வராதே என்று சொல்ல அந்த உயரத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. குரல் மாறாததால் வதனி வழக்கம்போலப் பேசினாள், அப்பா எப்ப வருவ என்று கேட்டாள். அவன் டிவிடியைப் பார்த்ததையும், முகம் அவ்வளவு துலக்கமாக இருப்பதையும், அறையில் இருக்கிற எல்லாரும் அழுததையும் திரும்பத் திரும்பச் சொன்னான். தமயந்தி உள்ளங்கைக் குழிகளைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினாள். பிள்ளை சுருங்கியதைப் பற்றியும் வடகிழக்கில் கருக்கிற மேகத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. சுருங்கியவர்கள் எல்லாரும் கல்லின்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பட்டுச் சட்டைகளோடும் பட்டுப் பாவாடைகளோடும் சின்னச் சின்ன சாமிச்சிலைகள் மாதிரி. கல்லுக்குக் கீழே மண் இளகுகிற சத்தம், வயிறு உருளுகிற மாதிரி, பகலெல்லாம் கேட்டது. கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. தாயார்கள் பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்துவைத்தார்கள், ஆனால் கயிறு அந்தப் பாரத்தில் பிள்ளைகளின் இடுப்பை அறுத்ததால் அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு மத்தியானம் தமயந்தி சோற்றுத் தட்டோடு முற்றத்துக்கு வந்தாள். வதனி கல்லின்மேல் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது தாழ்வாரத்திலிருந்து ஒரு தவளை, பிள்ளையின் உயரத்துக்குப் பாதி இருக்கும், குதித்து அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. பிள்ளை மிரண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். பின்னால் கல் இல்லை. கிணற்றில் போட்ட காசு மாதிரி போய்விட்டாள். சேறு ஒரு குமிழி விட்டுவிட்டு மூடிக்கொண்டது.

தட்டு எங்கே விழுந்தது என்று தமயந்திக்குத் தெரியாது. மண்ணைக் கையால் வாரினாள். கீழே இருந்து, தெளிவாக, முழுக்குரலில், "அம்மா, நிக்கவே முடியல" என்று வதனி கூப்பிட்டாள். மூச்சு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுருங்கியவர்களுக்கு எதுவும் குறைவதில்லை என்பதை ஊர் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. தமயந்தி தெருவுக்கு ஓடி, அதுவரை பக்கிரி என்று மட்டுமே கூப்பிட்டவனை, "பக்கிரி அண்ணே, எம் புள்ள" என்று அழைத்தாள். அவன் ஆட்களோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வெட்ட வெட்டச் சுற்றியிருந்த சேறு சரிந்து குழியை நிரப்பியது, குரல் கீழே கீழே போனது. எல்லாருடைய காதிலும் அது விழுந்தது, யாருக்கும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

சொன்னவர் கலியமூர்த்திதான். பக்கத்துக் கல்லின்மேல், காதுகுத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு, நடுங்கிக்கொண்டு நின்றார்.

"தோண்டாதீங்க. நீங்க தோண்டத் தோண்ட அவ இறங்குறா. தமயந்தி, கிணத்துக் கயித்தக் கொண்டாந்து என் இடுப்புல கட்டு."

"அண்ணே, உன்னால முடியாது."

"எனக்குப் பாரம் ஜாஸ்தி. அவளவிட வேகமாப் போவேன்."

"பயந்துருவியேண்ணே."

"பயமாத்தான் இருக்கு. கட்டு."

அவள் கட்டினாள். முடிச்சுப் போட்ட அவள் விரல்களின் கீழே அவருடைய நெஞ்சு பெரிய மனிதனின் நெஞ்சாகவே இடித்துக்கொண்டிருந்தது. அவர் கல்லின் விளிம்புக்கு வந்து, ஆசாரியின் ஊசியைப் பார்த்தபோது மூடியதைப்போலவே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கால் வைத்தார்.

கயிறு ஓடியது. பக்கிரியும் அவன் பங்காளிகளும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு கயிறு தீர்ந்து வண்டிக்கயிற்றை முடிந்தார்கள், அதுவும் தீர்ந்து கடைசி நுனி பக்கிரியின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தபோது நின்றது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் குனிந்து பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, எங்கேயோ அடியிலிருந்து, கலியமூர்த்தியின் குரல் கேட்டது. "புடிச்சுட்டேன். கட்டிட்டேன். இழுங்க."

தெற்குத்தெரு முழுக்கப் பிடித்து இழுத்தது. சேறு விடமாட்டேன் என்று உறிஞ்சியது. கடைசியில் ஒரு பெரிய ஏப்பம் விட்டு மண் திறந்துகொள்ள, கயிற்று நுனியில் வதனி மட்டும் வந்தாள், வாயிலும் கண்ணிலும் கறுப்புக் களிமண்ணோடு, பட்டுப் பாவாடை கிழிந்து. அவள் இடுப்பில் இருந்தது மாமனின் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கட்டிய முடிச்சு. கயிறு ஒருத்தருக்குத்தான் எட்டியிருந்தது.

உடனே கயிற்றில் குழவிக்கல்லைக் கட்டி இறக்கிப்பார்த்தார்கள். பாதியிலேயே நின்றுவிட்டது, அவர் போன ஆழத்துக்குப் போகிற கனம் கல்லுக்கு இல்லை. அந்த ஆழத்துக்கு இறங்கக் கூடியவர்கள் சுருங்கியவர்கள் மட்டும்தான். அவர்கள் சுற்றிலும் கற்கள்மேல் நின்றார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தமயந்தியும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது ஒருவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றும், இன்னும் ஒரு குரல் கீழே சேர்ந்துவிடுமோ என்றும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வந்துட்டாளா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"வந்துட்டாண்ணே."

"சரி" என்றார்.

அதன்பிறகு முற்றத்து மண்ணில் காதை வைத்துப் படுப்பது தமயந்தியின் வேலைகளில் ஒன்றானது, கோலம் போடுவதும் உலை வைப்பதும் மாதிரி. ஊரும் வந்து கேட்டது. அவர் இறங்கிக்கொண்டே இருந்தார், ஆனால் மெதுவாக, அடியில் களி இறுகிக்கொண்டு வருகிறது என்றார். போகிற வழியில் கண்டதைச் சொன்னார். தென்னை வேர் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்றார். பழைய காலத்துப் பானை ஓடு என்றார். ஒரு நாள், "தமயந்தி, இங்க ஒரே கிளிஞ்சலா இருக்கு, கடலு ஒரு காலத்துல இங்கதான் இருந்துருக்கு" என்றார். அடுப்படியில் என்ன குழம்பு என்று கேட்டார். இருட்டைப் பற்றி ஒரு தரம்கூடச் சொல்லவில்லை, அதனாலேயே அந்த இருட்டு தமயந்தியின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பகலில் விளக்கைப் போட்டுவைக்க ஆரம்பித்தாள்.

தை அறுவடை முடிந்து மாசி வெயிலில் மண் இறுகியதும் ஊர் கூடிப் பேசி, அவரை எடுக்க அந்த இடத்தில் கிணற்று உறை இறக்க முடிவுசெய்தது. பெலிக்ஸ் தன் கேமராக்களையெல்லாம் விற்றுச் சிமெண்டு உறைகளைக் கொண்டுவந்து இறக்கினான். பக்கிரி உள்ளே இறங்கித் தோண்ட, மேலே உறைமேல் உறை அடுக்கினார்கள். தென்னை வேர் வந்தது. பானை ஓடு வந்தது, பிறகு கிளிஞ்சலும் வந்தது. ஒரு நாள் கறுப்புக் களியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் பாதக் குழிகளைப் பக்கிரி கண்டான், அவற்றில் உப்புத் தண்ணீர் ஊறி நின்றது. அவன் குனிந்தபோது அந்தக் குழிகளுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"யாரு, பக்கிரியா?"

"ஆமாங்க."

"நிறுத்திக்கப்பா. தரை ஆடுது. இப்பத்தான் ஒரு கெட்டியான எடத்துல நின்னுருக்கேன்."

பக்கிரி மேலே வந்து தமயந்தியிடம் அதைச் சொன்னான். முடிவு அவள் கையில் என்று ஊர் விட்டுவிட்டது. மேலே எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வெட்டினால் அந்தக் கெட்டித் தரையும் உடையலாம், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தப் பக்கிரிக்கும் தெரியாது. அவள் விடிய விடிய உறைக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பொழுது புலர்ந்ததும் மண்ணைப் போட்டு மூடச்சொன்னாள். மூடுகிறவரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

சித்திரையில் குணசீலன் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் யாரோ நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்கள். அவன் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, கல்லின்மேல் நின்ற மகளுக்கு எதிரில் தரையில் குப்புறப் படுத்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தான். முகம் கரையவில்லை. பெட்டிக்குள், வளர்ந்திருப்பாள் என்று பிள்ளைக்கு வாங்கிய கவுன்கள் இருந்தன; தமயந்தி அவற்றை வெளியே எடுக்காமலே மூடினாள். அவன் அதன்பிறகு ஷார்ஜா போகவில்லை. டவுனிலிருந்து இரும்புத் தகடுகள் வாங்கிவந்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, கூடத்திலிருந்து முற்றம் வரை, முற்றத்திலிருந்து தெரு வரை, தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரை எந்த மழையிலும் சாயாத பாதை போட்டான். கல்லின்மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அந்தத் தகட்டின்மேல் மறுபடி நடக்கத் தொடங்கியது. ஆனாலும் மேகம் கருத்தால் எல்லாரும் நடப்பதை நிறுத்திவிட்டுக் காலடியைப் பார்ப்பார்கள்.

அடுத்த ஐப்பசிக்கு முந்தின ஒரு சாயங்காலம், மாமனின் குரல் மிகவும் மெலிந்துபோய், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விழுந்த நாளில், வதனி தானும் பேச வேண்டும் என்றாள். அதுவரை தமயந்தி விட்டதில்லை. அந்தக் குழிக்கு மேலே போட்டிருந்த தகட்டின்மேல் பிள்ளை குப்புறப் படுத்து, வாயை இரும்பில் வைத்துக் கேட்டாள்.

"மாமா, பயமா இருக்கா?"

பதில் வர நேரமாயிற்று. தமயந்தியும் குணசீலனும் குனிந்து தகட்டில் காதை வைத்தார்கள்.

"முன்ன இருந்துச்சு. இப்ப இல்ல. நீ மேல நடந்தா இங்க டங்கு டங்குன்னு கேக்குது."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. காது வைத்தால் இப்போது எதுவும் கேட்பதில்லை. தமயந்தி பகலில் விளக்குப் போடுவதை இன்னும் விடவில்லை. வதனி மட்டும் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தகட்டின்மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக, காலை நன்றாக ஊன்றி ஊன்றி நடக்கிறாள், கால் வலிக்கும் என்று அம்மா தூக்க வந்தாலும், இரும்மா, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.